கால் பலத்துக்கு எத்தனை மார்க்?

குழந்தைகளே! உங்கள் விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்துகிறார்கள். ஒருவர் 62 போடுகிறார். மற்றவர் 75 போடுகிறார். எந்த மார்க்கை நம்புவீர்கள்? இதே கேள்வி மருத்துவமனையிலும் எழுகிறது!

முழங்காலில் அடிபட்டு மாவுக்கட்டு போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்ததும் கால் மெலிந்திருக்கும். பல வாரங்கள் வேலை இல்லாததால் தொடைத் தசை இளைத்துவிடும். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி தருவார். பலம் திரும்பிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

"காலை நீட்டு. நான் அழுத்துவேன், விட்டுக்கொடுக்காதே!" என்பார். பிறகு 0 முதல் 5 வரை மார்க் போடுவார். 1943-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட கையேட்டில் உள்ள முறை இது. தசையில் அசைவே இல்லை என்றால் 0. லேசாகத் துடித்தால் 1. புவியீர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்கினால் 3. முழு பலம் இருந்தால் 5.

சிக்கல் 4-ல்தான்! கொஞ்சம் எதிர்த்தாலும் 4, நன்றாக எதிர்த்தாலும் 4. சோதிப்பவருக்குக் கையில் பலம் குறைவு என்றால், பலவீனமான காலுக்கும் 5 போட்டுவிடலாம்.

இதற்காகவே 'டைனமோமீட்டர்' என்ற கருவி இருக்கிறது. தள்ளும் விசையை அது எண்ணாகக் காட்டும். ஆனால், முழங்கால் மடங்கும் கோணம் மாறினாலோ, கருவியைக் கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்தாலோ எண்ணும் மாறிவிடும். வலிக்குமோ என்று பயந்தாலும் மாறும்.

எனவே ஆராய்ச்சியாளர்கள் முதலில் அளவையே சோதிக்கிறார்கள். ஒரே காலை இரண்டு பேர் அளப்பார்கள். சில நாள் கழித்து மீண்டும் அளப்பார்கள். எண்கள் ஒத்துவந்தால், அந்த அளவுக்கு 'நம்பகத்தன்மை' உண்டு. அதற்காகவே ஒரே நாற்காலி, ஒரே கோணம், அசையாமலிருக்க பெல்ட், நடுநடுவே ஓய்வு என்று கவனமாக இருப்பார்கள்.

ஏன் இத்தனை பாடு? புதுப் பயிற்சியால் பலம் 2 கிலோ கூடியதாக வைத்துக்கொள்வோம். அளவே 3 கிலோ முன்னே பின்னே ஆடினால், கூடியது பலமா, அளவின் ஆட்டமா? தவறான எண்ணை நம்பி, "இனி ஓடி விளையாடு" என்று அனுப்பினால், மறுபடியும் அடிபடலாமே!

செய்து பாருங்கள்: எடை பார்க்கும் மெஷினை மேசைமேல் வையுங்கள். உட்கார்ந்தபடி ஒரு கையால் அழுத்தி, எண்ணைக் குறியுங்கள். ஒரு நிமிட ஓய்வு விட்டு மூன்று முறை செய்யுங்கள். பிறகு நின்றுகொண்டு அழுத்துங்கள். எண் எகிறும்! கை பலம் கூடவில்லை. உடம்பின் எடை சேர்ந்துகொண்டது.

இனி எதை அளந்தாலும், எண்ணுக்குப் பக்கத்தில் எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சரிதானே?