படிப்படியான சீர்திருத்தமும் திடீர்ப் புரட்சியும்: வாக்குரிமை வரலாற்றின்வழி ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

அரசியல் மாற்றம் படிப்படியாக நிகழ்வது நன்றா, ஒரே வீச்சில் நிகழ்வது நன்றா என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. சீர்திருத்தமே நிலைத்து நிற்கும் என்பர் ஒரு சாரார்; காத்திருப்போரின் வாழ்நாள் அதற்குள் கழிந்துவிடும் என்பர் மறுசாரார். பிரித்தானியா, பிரான்சு ஆகிய நாடுகளின் வாக்குரிமை வரலாற்றைக் கொண்டு இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரித்தானியா: படிப்படியான வழி

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் சொத்துடைய நடுத்தர வகுப்பு ஆண்கள் பலருக்கு வாக்குரிமை அளித்தது. நகரத் தொழிலாளர் பலர் 1867இலும், நாட்டுப்புறத் தொழிலாளர் பலர் 1884இலும் அதனைப் பெற்றனர். 1918இல் 21 வயது நிறைந்த ஆண்களும், 30 வயது நிறைந்த பெண்களுள் சொத்துத் தகுதி உடையோரும் வாக்காளராயினர். 1928இல்தான் இருபாலாரும் சமநிலை எய்தினர். இதற்கு 96 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தாரின் விண்ணப்பங்கள் 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் பயனின்றிப் போயின. இறுதி விண்ணப்பத்தில் தம் 20ஆம் வயதில் கையொப்பமிட்ட ஒருவர், அக்கோரிக்கை நிறைவேறிய 1918இல் 90 வயதை எட்டியிருப்பார்.

இச்சீர்திருத்தம் தானே கனிந்ததும் அன்று. 1831 அக்டோபரில் பிரபுக்கள் அவை சீர்திருத்த மசோதாவை நிராகரித்தபோது பிரிஸ்டல் நகரில் பெருங்கலகம் மூண்டது. மறு ஆண்டே சட்டம் நிறைவேறியது. புரட்சி குறித்த அச்சமும் சீர்திருத்தத்தை விரைவுபடுத்தியதை இதனால் அறியலாம்.

பிரான்சு: புரட்சியின் வழி

1792ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரெஞ்சு ஆண்களுள் பெரும்பாலோர் வாக்குரிமை பெற்றனர். 1795ஆம் ஆண்டு அரசியலமைப்போ வரி செலுத்துதலை மீண்டும் தகுதியாக்கியது. 1848ஆம் ஆண்டுப் புரட்சி, ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த வாக்காளர் தொகையை 90 இலட்சத்திற்கு மேல் உயர்த்தியது. இரண்டே ஆண்டுகளில், மூன்றாண்டு வதிவிடத்தை நிபந்தனையாக்கிய சட்டம் ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் உரிமையைப் பறித்தது. புரட்சிகள் பல கண்ட அந்நாட்டில் பெண்கள் 1944 வரை வாக்குரிமை பெறவில்லை.

முடிவுரை

புரட்சி ஒரே நாளில் தந்ததைச் சட்டப் பாதுகாப்பின்மை பறித்தது. சீர்திருத்தம் உறுதியாகத் தந்ததைக் காணாமலே பல தலைமுறையினர் மறைந்தனர். எனவே படிப்படியான வழியே சிறந்தது எனப் பொதுவாக முடிவு கட்டுதல் பொருந்தாது. அடுத்த படிக்கு நாள் குறிக்கப்பட்டிருப்பதும், அதனைக் கேட்டுப்பெறும் வலிமை உரிமையற்றோரிடம் இருப்பதுமே சீர்திருத்தத்தை ஏற்புடையதாக்கும். அவை இல்லாதவிடத்துப் பொறுமையைப் போதிப்பவர், அப்பொறுமையின் விலையைச் செலுத்துபவர் யார் என்பதையும் கூறக் கடமைப்பட்டவராவர்.