வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு... புதுச்சேரி ‘லிசே’ பிள்ளைகளின் இருமொழி வாழ்க்கை!

20-க்கு 12. உங்கள் பிள்ளை இப்படி ஒரு மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்? ‘அறுபது பர்சன்ட்தானா?’ என்று முகம் சுருங்கும். ஆனால், புதுச்சேரியில் சில வீடுகளில் 12 என்றால் அம்மாவும் அப்பாவும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். அங்கே 10 எடுத்தாலே தேர்ச்சி. பொதுத்தேர்வில் சராசரி 12-ஐத் தொட்டால் ‘ஓரளவு நன்று’, 14 என்றால் ‘நன்று’, 16 என்றால் ‘மிக நன்று’ என்று சிறப்புக் குறிப்பே கிடைக்கும். கட்டுரைப் பாடங்களில் 20-க்கு 20 என்பது அபூர்வம்.

இது பிரெஞ்சுப் பாடத்திட்டத்தின் கணக்கு. புதுச்சேரியின் வெள்ளை நகரப் பகுதியில், கடற்கரையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் ‘லிசே பிரான்சே’ பள்ளியில் மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ‘தெர்மினால்’ வரை இதே பாடத்திட்டம்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, கடைத்தெருவில் கொஞ்சம் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கை எப்படி இருக்கும்?

200 ஆண்டுக் கதை

1826-ல், தெபாசின் தெ ரிஷ்மோன் பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோது தொடங்கப்பட்ட பள்ளி இது. 2026-ல் 200 வயது. அன்றைய பெயர் ‘கொலேஜ் ருவாயால்’, அதாவது அரசக் கல்லூரி. தொடக்க காலத்தில் ஐரோப்பியக் குடும்பங்களை மனத்தில் வைத்து நடத்தப்பட்ட பள்ளிதான். இன்று அதன் வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோரில் தமிழ்க் குடும்பத்தினர் ஏராளம்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் புரிய, கொஞ்சம் வரலாறு வேண்டும். 1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். பள்ளி பிரெஞ்சுக் கல்வி நிலையமாகவே தொடர அந்த ஒப்பந்தம் இடம் கொடுத்தது. அதோடு, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்கள் பலர். புதுச்சேரிப் பேச்சில் அவர்களுக்கு ‘சொல்தா’ என்று பெயர். ராணுவ வீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தமிழ் வடிவம் அது. அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் தமிழ்ப் பேச்சுமாக வளர்கிறார்கள். இவர்களோடு இந்தியக் குடிமக்களின் பிள்ளைகளும், வேலைக்காக இங்கு வந்து தங்கும் பிரெஞ்சுக் குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

‘மூணாவதா படிக்கிற?’

லிசேவில் படிக்கும் 14 வயதுப் பிள்ளையிடம் ‘எந்த கிளாஸ்?’ என்று கேட்டால், ‘மூன்றாவது’ என்று பதில் வரலாம். திகைக்க வேண்டாம். நம் ஊரில் ஆறு, ஏழு, எட்டு என்று வகுப்பு ஏறும். பிரெஞ்சு முறையில் ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கும். நம் ஆறாம் வகுப்புக்கு இணையானது ‘சிஸியேம்’, அதாவது ஆறாவது. நம் ஒன்பதாம் வகுப்பு அங்கே ‘துருவாசியேம்’, மூன்றாவது. அந்த ஆண்டு முடிவில் ‘பிரவே’ என்ற பொதுத்தேர்வு. பிறகு இரண்டாவது, முதலாவது, கடைசியாக தெர்மினால்.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. வகுத்தல் கணக்கில் நாம் வகுக்கும் எண்ணை இடது பக்கம் எழுதுவோம். பிரெஞ்சு முறையில் அது வலது பக்கம். ஒன்றரையை எழுத 1.5 என்று புள்ளி வைக்காமல் 1,5 என்று கால்புள்ளி வைப்பார்கள். ஏழின் நடுவில் குறுக்குக்கோடு விழும். கணக்கு சொல்லிக்கொடுக்க உட்காரும் அப்பாவோ அம்மாவோ, விடை சரியாக இருந்தும் போட்ட விதம் புரியாமல் விழிப்பது இப்படித்தான்.

எண்களின் பெயர்களும் ஒரு புதிர். 70-க்குப் பிரெஞ்சில் ‘அறுபது பத்து’ என்பார்கள். 80 என்றால் ‘நான்கு இருபதுகள்’. 97 என்றால் ‘நான்கு இருபது பத்து ஏழு’. ‘இது என்ன கூத்து’ என்று சிரிக்கும் முன் நம் தமிழையும் ஒரு முறை பார்க்கலாம். எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்து, அடுத்ததாக ‘ஒன்பது’ வைத்துச் சொல்லாமல் ‘தொண்ணூறு’ என்று நூறை உள்ளே இழுப்பது நாம்தானே!

தமிழ் கைகொடுக்கும் இடம்

பிரெஞ்சு படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சில விஷயங்கள் சுலபம். ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். ஆசிரியரிடம் எதைச் சொல்வது, நண்பனிடம் எதைச் சொல்வது என்று தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. ஆளுக்கு ஆள் வினைச்சொல்லின் முடிவு மாறுவதும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல.

கஷ்டமும் உண்டு. தமிழில் மேசை, புத்தகம், நாற்காலி எல்லாமே அஃறிணை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, மனப்பாடம்தான். உச்சரிப்பில் இன்னொரு சிக்கல். ரொட்டிக்கும் குளியலுக்குமான பிரெஞ்சுச் சொற்களில் முதல் ஒலி மட்டும்தான் வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பேன்’. நம் எழுத்தில் ஒரே ‘ப’தான் என்பதால், இந்த வேறுபாட்டைக் காதாலேயே பழக வேண்டும்.

வீட்டுப்பாடம் கம்மி, பேச்சு ஜாஸ்தி

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்று பிரான்ஸ் கல்வித்துறை 1956-லேயே சுற்றறிக்கை போட்டது. நடைமுறையில் அங்கங்கே கொஞ்சம் கொடுப்பதுண்டு. ஆனாலும், படித்துவருவது, பாட்டு மனப்பாடம் செய்வது, ‘திக்தே’ எனப்படும் சொல்வதெழுதலுக்குத் தயாராவது ஆகியவைதான் வீட்டு வேலையில் முக்கியம். பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கும் பள்ளிகளைப் பார்த்துப் பழகிய பெற்றோருக்கு, ‘இவங்க ஒண்ணுமே சொல்லித்தரலையோ’ என்ற சந்தேகம் வருவது இயல்பு.

அடுத்த ஆச்சர்யம், ‘கொன்செய் தெ கிளாஸ்’ எனப்படும் வகுப்புக் கூட்டம். ஆறாவதிலிருந்து ஒவ்வொரு பருவ முடிவிலும் இது நடக்கும். ஆசிரியர்களோடு, மாணவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பிரதிநிதிகளும், பெற்றோர் தரப்பில் இரண்டு பேரும் உட்காருவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் படிப்பையும் பேசி, பாராட்டோ ஊக்கமோ எச்சரிக்கையோ எழுதுவார்கள். 11 வயதில் தேர்தலில் நின்று, சக மாணவர்களுக்காக ஆசிரியர்கள் முன்னால் பேசக் கற்றுக்கொள்வது சின்ன விஷயமல்ல. அதேபோல, அந்தக் கூட்டத்தில் பெற்றோர் பிரதிநிதியாகப் பேச பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பெற்றோர் ஒதுங்கிவிடும் ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

கடைசித் தேர்வு ‘பாக்கலோரியா’. நெப்போலியன் காலத்தில், 1808-ல் உருவான தேர்வு இது. இதில் தத்துவம் கட்டாயப் பாடம். நான்கு மணி நேரம், ஒரே ஒரு கேள்வி, நீண்ட கட்டுரை. 2021 முதல் ‘கிராண்ட் ஓரால்’ என்ற வாய்மொழித் தேர்வும் சேர்ந்துவிட்டது. இரண்டு ஆசிரியர்கள் முன் 20 நிமிடம், தான் தயாரித்துவந்த ஒரு கேள்வியைப் பற்றிப் பேசி, குறுக்குக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது.

தமிழ் எங்கே நிற்கிறது?

லிசேவில் தமிழும் ஆங்கிலமும் மொழிப்பாடங்களாக இருக்கின்றன. பாக்கலோரியாவிலேயே தமிழைத் தேர்வு எழுதியவர்களும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிப் பள்ளிகளில் தமிழாசிரியர்களுக்குப் பெரிய மரபே இருந்தது. மிஷன் வீதியின் கல்வே கல்லூரியில் தமிழ் படித்த பாரதிதாசன், 1909-ல் பிரெஞ்சு அரசின் தமிழாசிரியராகச் சேர்ந்து, 37 ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தவர்.

ஆனால், பாடவேளையில் தமிழ் இருப்பதும் பிள்ளையின் மனத்தில் தமிழ் இருப்பதும் ஒன்றல்ல. அறிவியல், வரலாறு, கணக்கு எல்லாம் பிரெஞ்சில் நடக்கும்போது, தமிழ் மெல்ல மெல்லச் சாப்பாட்டு மேசை மொழியாகச் சுருங்கிவிடுகிறது. ஆயாவிடம் பேசத் தெரியும்; ஆயாவின் பழைய கடிதத்தைப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். படித்த செய்தியைத் தமிழில் விளக்கத் தெரியாது. ‘பிரெஞ்சு நல்லா வரணும்னா வீட்டிலும் பிரெஞ்சே பேசுவோம்’ என்று தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கும் பெற்றோர், தெரியாமலேயே இந்தச் சுருக்கத்தை வேகப்படுத்துகிறார்கள்.

கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களின் இறுதியிலிருந்து சொல்லிவருவது இதற்கு நேர் எதிர். முதல் மொழியில் ஆழமாகப் பேசவும் படிக்கவும் சிந்திக்கவும் பழகிய பிள்ளை, அந்தத் திறமையை இரண்டாம் மொழிக்குக் கொண்டுபோகிறது. இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். புது மொழியில் விளையாட்டு மைதானப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். ‘பையன் சரளமா பேசுறான், ஆனா மார்க் வரலையே’ என்ற கவலைக்குப் பதில் இதில் இருக்கிறது. மொழி இன்னும் பழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சேர்ப்பதற்கு முன்...

* ‘பெத்தித் செக்சியோன்’ எனப்படும் முதல் மழலையர் வகுப்பு, அந்தக் காலண்டர் ஆண்டில் 3 வயது நிறையும் பிள்ளைகளுக்கானது. பிரெஞ்சு வீட்டில் இல்லாத பிள்ளைக்கு இதுதான் சுலபமான வாசல். மேல் வகுப்பில் சேர வேண்டுமானால் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும்.

* ‘பூர்ஸ்’ எனப்படும் பிரெஞ்சு அரசின் கல்வி உதவித்தொகை, துணைத்தூதரகத்தில் பதிவுசெய்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதுவும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே கிடைக்கும். ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் குடிமக்கள் கட்டணத்தைத் தாங்களே கட்ட வேண்டும். 15 ஆண்டுச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

* நடுவில் பள்ளி மாறுவது எளிதல்ல. பாடமொழி, பாட வரிசை, தேர்வு முறை மூன்றுமே மாறிவிடும். சி.பி.எஸ்.இ-க்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாறும் எண்ணம் இருந்தால், தொடக்கப் பள்ளி முடிவதற்குள் யோசித்துவிடுவது பிள்ளைக்குச் சுமையைக் குறைக்கும்.

* பிரான்ஸில் உயர்கல்விக்கு 2018 முதல் ‘பார்கூர்சுப்’ என்ற ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பம். இந்தியாவிலேயே கல்லூரி சேர நினைத்தால், பாக்கலோரியாவுக்கான சமநிலைச் சான்று பற்றிச் சேர விரும்பும் கல்லூரியில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

* பிரெஞ்சு தெரியாத பெற்றோர் அடிப்படையாவது கற்றுக்கொள்ளலாம். புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு. பிள்ளைக்குப் பாடம் நடத்த அல்ல. பள்ளியின் சுற்றறிக்கையைப் படிக்கவும், கூட்டத்தில் தயங்காமல் ஒரு கேள்வி கேட்கவும்.

* வீட்டில் தமிழை விடாதீர்கள். ‘இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது?’ என்பதோடு நிறுத்தாமல், படித்த பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மழை எப்படி வருகிறது, பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்தது என்று பிள்ளை தமிழில் விளக்கத் திணறினால் சொற்களை எடுத்துக்கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் தமிழ்ப் புத்தகம் வாசித்தால்கூடப் போதும்.

பிரெஞ்சை லிசே பார்த்துக்கொள்ளும். அதற்கு 200 ஆண்டு அனுபவம் இருக்கிறது. இருமொழிப் பிள்ளையின் இன்னொரு மொழிக்கு ஆசிரியர், அம்மாவும் அப்பாவும் ஆயாவும் தாத்தாவும்தான்.