குப்பிக்குள் நாலு பாம்பும் ஒரு குதிரையும்

பாலையூற்றில் ஒருவரை நாகம் தீண்டினால் ஓட்டோ எங்கே பறக்கும்? திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான். அங்கே கையில் ஏறப்போகும் மருந்து, சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் வெள்ளைத் தூளாக இருக்கும். 10 மில்லிலீற்றர் நீர் விட்டு மெல்ல உருட்டிக் கரைப்பார்கள். குலுக்கினால் நுரைத்துவிடும்! இந்தத் தூள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகிறது. வாருங்கள், அதன் பின்கட்டுக்குள் தலையை நீட்டுவோம்.

சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி. முதலைப் பண்ணை வளவுக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வரிசை வரிசையாக மண்பானைகள், வாயில் துணிக்கட்டு, அடியில் மணல். உள்ளே என்ன? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்! ஒரு காலத்தில் இருளர் பழங்குடியினர் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை மூட, பாம்பியல் ஆய்வாளர் ரொமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் இச்சங்கம் பிறந்தது. தடம் பார்த்தே பாம்பின் வளையைச் சொல்லிவிடும் கைகாரர்கள்! வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீயே கிடைத்தது.

இனிதான் மூச்சைப் பிடிக்க வேண்டிய இடம். தலையைப் பிடித்துக் கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க விடுகிறார்கள். சொட்டு, சொட்டு... விஷம்! சுமார் மூன்று வாரத்தில் நாலு முறை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு உடனே மறுபடி அகப்பட்டால், அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும்.

உறைய வைத்து உலர்த்திய விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்கு அதைத் துளித்துளியாக ஏற்றிப் பழக்குகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஊறுகிறது. அதைச் சுத்திகரித்தால் நம் குப்பி! கரைத்த மருந்தின் ஒரு மில்லிலீற்றர், 0.6 மில்லிகிராம் நாக விஷத்தையோ 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன் விஷத்தையோ முறிக்கும் கணக்கு. ஒரு கடியில் இறங்கும் விஷமோ ஒரு குப்பி முறிப்பதைவிட அதிகமாக இருக்கலாம். ஒரு குப்பியோடு ஏன் முடிவதில்லை என்று இப்போது புரிகிறதா?

ஆனால் சிக்கல் உண்டு. குதிரைக்கு ஏற்றியது இந்தியப் பாம்பு விஷம், கடித்தது இலங்கைப் பாம்பு. எங்கள் கண்ணாடி விரியன் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதோடு கண்ணிமையையும் தொங்க வைக்கும். மூக்கு நிமிர்ந்த குழிவிரியனுக்கோ இந்த மருந்து வேலையே செய்யாது. குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பும். மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் ஏற்றினால் அது குறையும் என்று காட்டியது 2011இல் வெளியான இலங்கை ஆய்வுதான்!

வாட்டிலும் ஒரு வேடிக்கை நடக்கும். சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். சரித்துப் பார்க்கையில் உறையாமல் ஓடினால், விஷம் உள்ளே வேலை செய்கிறது!

2016இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். எனவே எங்கள் பங்கு இதுதான்: வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். கடிபட்ட காலில் பலகை வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆடாமல் அசையாமல் கொண்டுபோங்கள். வாகனமில்லையா? 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். எட்ட நின்று படமெடுக்க முடிந்தால் போதும். பரியாரியிடம் போய்வரலாம் என்று நேரத்தைத் தின்னாதீர்கள்.

கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவரைத்தான் அதிகம் கடிக்கும். வலிகூடத் தெரியாது, விடியற்காலை வயிற்றுவலியோடு இமை சோர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. பாயில் படுத்தாலும் நுளம்புவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகுங்கள். நுளம்பும் வராது, விரியனும் வராது. ஒரு வலைக்கு இரண்டு லாபம்!