பாலத்தடியில் பிறந்த வேகமானி

சென்னையை அடுத்த முட்டுக்காட்டுப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் படகு குழாம், மறுபக்கம் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் ஏற்றத்தின்போது கடல்நீர் பாலத்தடியில் புகுந்து உள்ளே பாயும். வற்றத்தில் வந்த வழியே திரும்பும். அந்த ஓட்டத்தின் வேகம் என்ன? தெர்மாகோல் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஆனால் அது மேல்நீரின் வேகத்தை மட்டுமே சொல்லும்; அடியில் நீர் எப்படி ஓடுகிறது என்று சொல்லாது.

1732-இல் பாரிஸில் சேன் ஆற்றின் முன் நின்ற ஹென்றி பிட்டோ என்ற பொறியாளருக்கும் இதே கேள்வி இருந்தது. ஆழம் கூடக் கூட ஆற்றின் வேகமும் கூடும் என்று அந்நாளில் பலர் நம்பினார்கள். பிட்டோ ஒரு கண்ணாடிக் குழாயின் கீழ்முனையை வளைத்து, அதன் வாய் நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி ஆற்றில் இறக்கினார். ஓடிவரும் நீர் வாயில் முட்டி நிற்கிறது. அந்த முட்டலின் அழுத்தம் குழாய்க்குள் நீரை மேலே தள்ளுகிறது. எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதுதான் வேகத்தின் கணக்கு. அளந்து பார்த்ததில் ஆற்றின் அடியில் வேகம் குறைவாகவே இருந்தது.

இதை நாமும் செய்து பார்க்கலாம். வீடு கட்டுமிடத்தில் கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான ட்யூப் போதும். அதை ஒரு குச்சியில் கட்டி, கீழ்முனையை முன்பக்கம் மடக்கி, போகிற படகிலிருந்து நீரில் பிடியுங்கள். படகு நொடிக்கு ஒரு மீட்டர் போனால் ட்யூபுக்குள் நீர் வெளிமட்டத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் உயரும். இரண்டு மீட்டர் போனால் பத்து இல்லை, இருபது சென்டிமீட்டர். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

இந்த எளிய குழாய்தான் இன்று பயணிகள் விமானத்தின் மூக்கருகே, விரல் நீளத்துக்குச் சற்று மேலாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பிட்டோ குழாய் என்றே பெயர். நீருக்குப் பதில் காற்று. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையிலிருந்து எழும் விமானத்தின் குழாய்க்குள் ஏறும் அழுத்தம் சுமார் முப்பது சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குத்தான் சமம். அவ்வளவு பெரிய பாரம் அவ்வளவு சிறிய ஓர் அளவை நம்பிப் பறக்கிறது.

ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று தோன்றும். அது தரையைப் பொறுத்த வேகத்தைச் சொல்லும். இறக்கைக்குத் தேவை அதுவல்ல. ஏற்றத்தை எதிர்த்துத் துடுப்புப் போடும் படகைப் பாருங்கள்: கரையில் நிற்பவருக்கு அது ஊர்கிறது, ஆனால் படகின் முனையில் நீர் வேகமாக மோதுகிறது. இறக்கையைத் தூக்குவது அந்த மோதல் போன்ற காற்றின் ஓட்டம்தான். அதனால் காற்றையே கேட்க வேண்டும். விமானத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தைத் தருகின்றன. குழாயின் அழுத்தத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது வேகத்தின் கணக்கு.

வாய் அடைபட்டால்?

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447, ஏர்பஸ் ஏ330 விமானம், அட்லாண்டிக்கின் மேல் மழைமேகக் கூட்டத்துக்குள் 35,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. பிட்டோ குழாய்களை மின்சாரம் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அந்த உயரத்துப் பனித்துகள்கள் அவற்றின் வாயை அடைத்தன. வேகக் காட்டிகள் தவறின. ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அடைப்பு நீடித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் விமானத்தின் மூக்கு மேலே தூக்கப்பட்டிருந்தது. 38,000 அடிவரை ஏறி, இறக்கைகள் தூக்குவிசையை இழந்து, விமானம் கடலில் விழுந்தது. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து கணக்கிட்டால் நான்கரை நிமிடம்கூட ஆகவில்லை. 228 பேர் இறந்தார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று. அளந்த வேகம் மணிக்கு 60 கடல்மைலுக்குக் கீழே போனால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தின் அளவு நம்பத்தக்கதல்ல என்று கணினி ஒதுக்கிவிடும். தூக்குவிசை இழப்பை உணர்த்தும் எச்சரிக்கை ஒலியும் நின்றுவிடும். ஆகவே மூக்கைத் தாழ்த்தி சரியான திசையில் போக முயன்றபோது வேகம் கூடி எச்சரிக்கை மீண்டும் ஒலித்தது. இருட்டில், மேகத்துக்குள் இருந்த விமானிகளுக்குச் சரியான செயல் தவறுபோலக் கேட்டது.

அந்த ரகக் குழாயின் பலவீனம் விபத்துக்குப் பிறகு தெரியவந்ததல்ல. தாலெஸ் நிறுவனத்தின் 'ஏஏ' வகைக் குழாய்கள் உயரத்தில் உறைந்து வேகம் தவறிய நிகழ்வுகள் முன்பே பதிவாகியிருந்தன. மாற்றுக் குழாய் இருந்தது. மாற்றும்படி பரிந்துரையும் 2007-இல் வந்திருந்தது. கட்டாயம் என்ற சொல் மட்டும் வரவில்லை. விபத்துக்குப் பின் ஏர் பிரான்ஸ் விமானிகளின் சங்கம் ஒன்று, மூன்று குழாய்களில் குறைந்தது இரண்டு மாற்றப்படாத விமானங்களில் ஏற வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. அதை நான் நியாயமான அச்சம் என்றே சொல்வேன். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் கட்டாய ஆணை 2009 ஆகஸ்டில் வந்தது: ஏஏ வகை கூடாது, மூன்றில் இரண்டு குட்ரிச் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். பிரெஞ்சுப் புலனாய்வாளர்களின் இறுதி அறிக்கை 2012 ஜூலையில் வெளியானது. வேகக் காட்டி பொய் சொல்லும்போது மூக்கின் சாய்வையும் இஞ்சின் விசையையும் மட்டும் பிடித்துக்கொண்டு பறப்பதற்கான பயிற்சி உலகமெங்கும் இறுக்கமானது.

பனியைக் கண்டிராத நம் கடற்கரைக்கு வேறு எதிரி உண்டு. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் பழைய வீடுகளைப் போலத் திண்ணையும் மரத்தூணும் உள்ள எந்த வீட்டிலும் பாருங்கள். ஆணி பிடுங்கிய துளை, பூட்டின் சாவித்துவாரம், பயன்படாத பைப்பின் முனை என்று எது கிடைத்தாலும் குளவி ஈரமண்ணை உருட்டிவந்து அடைத்துவிடும். காலையில் திறந்திருந்த துளை மாலையில் சிமெண்ட் பூசியதுபோல் இருக்கும். குளவிக்கு பிட்டோ குழாயும் அளவெடுத்துச் செய்த வீடுதான்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் 301 விழுந்து 189 பேர் இறந்தார்கள். போயிங் 757 அது; சுமார் மூன்று வாரங்கள் தரையில் நின்றிருந்தது. தலைமை விமானியின் பிட்டோ குழாயைச் சிறு பூச்சி ஒன்றின் மண்ணோ கசடோ அடைத்திருக்க வேண்டும் என்பது புலனாய்வின் முடிவு; சந்தேகம் குளவி மீதுதான். முகத்துவாரம் மணலால் மூடிக்கொண்டால் உப்பங்கழியில் நீர் சிறைப்படுகிறதல்லவா, அதுபோல் குழாய்க்குள் பழைய அழுத்தம் சிறைப்படும். விமானம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். கழித்தல் கணக்கில் வித்தியாசம் பெருகும். இல்லாத வேகம் கூடுகிறது என்று வேகக் காட்டி சொல்லும். ஆட்டோபைலட் அதை நம்பி மூக்கைத் தூக்கியது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குளவிக்கு அஞ்சி, விமானம் நின்றவுடனேயே குழாய்களுக்கு உறை மாட்டும் வழக்கம் வந்தது. 2018 ஜூலையில் அங்கிருந்து கிளம்பிய மலேசிய ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அந்த உறைகளைக் கழற்றாமலே எழுந்துவிட்டது. வேகக் காட்டி உதவாமல், விமானிகள் திறமையாகத் திருப்பி இறக்கினார்கள்.

2020-இல் ஊரடங்கு வந்தது. மார்ச் 25 முதல் மே 24 வரை இந்தியாவில் உள்நாட்டுப் பயணிகள் விமானங்களே பறக்கவில்லை. உலகமெங்கும் விமானங்கள் வெயிலிலும் மழையிலும் நின்றன. மீண்டும் பறக்கத் தொடங்கியபோது வேகக் காட்டி தவறும் நிகழ்வுகள் கூடுவதைக் கண்டு, ஐரோப்பிய அமைப்பு அந்த ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது: உறை மாட்டுங்கள், கழற்றியபின் குழாயின் உள்ளே பாருங்கள்.

உறையில் சிவப்பு நாடா தொங்குவது, அதைக் கழற்ற மறக்காதிருக்கத்தான். ஒவ்வொரு முறையும் ஒருவர் கீழே நடந்து, டார்ச் அடித்து, நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனபின்தான் விமானம் நகர வேண்டும்.

முட்டுக்காட்டுப் படகில் நீங்கள் பிடித்திருக்கும் ட்யூபின் வாயில் கழியின் சேற்றை ஒரு விரல்நுனி எடுத்து அடைத்துப் பாருங்கள். பிறகு படகோட்டியை வேகமாகப் போகச் சொல்லுங்கள், மெதுவாக்கச் சொல்லுங்கள், நிறுத்தவே சொல்லுங்கள். உள்ளே ஏறி நிற்கும் நீர் அதே இடத்தில் நிற்கும்.