உங்களுக்குத் தெரியுமா? ஐந்து வாக்கியம், 608 மேற்கோள்!

1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மருத்துவமனையில் ஓபியாய்டு வலிமருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப் பழக்கம் இல்லாத நால்வர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது கடிதம். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அதில் மூச்சே இல்லை!

வலி சிகிச்சை பற்றி எழுதியவர்களோ அதைப் பெரிய ஆதாரமாகக் காட்டினார்கள். கனடா ஆய்வாளர்கள் 2017இல் 608 மேற்கோள்களையும் துருவிப் பார்த்தார்கள். அவற்றில் 439, ‘அடிமையாவது அபூர்வம்’ என்பதற்குச் சான்றாகவே இக்கடிதத்தைக் காட்டின. 491, கடிதம் குறிப்பிட்ட நோயாளிகள் உள்நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. தலைப்பைத் தாண்டிப் படித்தவர்கள் எத்தனை பேரோ! அதே ஆண்டில் அக்கடிதத்தின்மேல் எச்சரிக்கைக் குறிப்பொன்றைச் சேர்த்தது இதழ்.