அறை உங்களுடையது, புக்கிங் கணக்கு யாருடையது?

மே மாதத்துக் கொடைக்கானலில் நான்கு அறைகள் கொண்ட ஒரு ஹோம்ஸ்டேயை எடுத்துக்கொள்வோம். காலை பதினொரு மணிக்கு ஏர்பிஎன்பி வழியாக ஒரு குடும்பம் சனிக்கிழமைக்கு அறை எடுக்கிறது. பன்னிரண்டரைக்கு அதே அறையை, அதே சனிக்கிழமைக்கு, புக்கிங்.காம் வழியாக இன்னொரு குடும்பம் எடுக்கிறது. இருவருக்கும் ‘உறுதி’ என்று செய்தி போய்விட்டது. இ-பாஸ் எடுத்து, வண்டி பிடித்து, குழந்தைகளோடு மலையேறி வந்து வாசலில் நிற்கும் இரண்டாவது குடும்பத்துக்கு உரிமையாளர் என்ன பதில் சொல்வார்? ‘சாஃப்ட்வேர் தப்பு’ என்று சொன்னால் வந்தவர்களும் ஏற்க மாட்டார்கள், நுகர்வோர் ஆணையமும் ஏற்காது. அறை தருவதாக ஒப்புக்கொண்டவர் அவர்தான்.

ஹோம்ஸ்டே, சர்வீஸ் அபார்ட்மென்ட், சிறிய லாட்ஜ் நடத்துகிறவர்கள் பலர் இப்போது புக்கிங், பில், வாட்ஸ்அப் செய்தி, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துத் தரச் சொல்லி டெவலப்பர்களிடம் போகிறார்கள். போக வேண்டியதுதான். நள்ளிரவில் வரும் புக்கிங்குக்குப் பதில் போட எல்லோராலும் ஆள் வைக்க முடியாது. ஆனால் வேலை கைமாறினாலும் பொறுப்பு உரிமையாளரிடமே நிற்கிறது. இது தெரியாமல், ஒரு தாளில்கூடக் கையெழுத்து வாங்காமல், வாய்ப்பேச்சை நம்பி லாகினைக் கொடுத்துவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரட்டை புக்கிங் எப்படி வந்தது என்று பார்ப்போம். இரண்டு தளங்களையும் இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஐ-கேல் எனப்படும் காலண்டர் இணைப்பு. ஒரு தளம் மற்றதன் காலண்டரைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, நிரம்பிய தேதிகளை மூடும். தேதி மட்டும்தான் போகும். விலையோ பணம் வந்த விவரமோ போகாது. இரண்டு பார்வைக்கு இடையே உள்ள அந்த நேரத்தில்தான் இரண்டாவது குடும்பம் உள்ளே வந்தது. மற்றது ஏபிஐ வழியான நேரடி இணைப்பு. சேனல் மேனேஜர் என்ற மென்பொருள் இந்த வழியில் சில நொடிகளில் எல்லாத் தளங்களிலும் அறையை மூடிவிடும். ஏபிஐ அனுமதியை ஏர்பிஎன்பியும் புக்கிங்.காமும் தாங்கள் ஏற்றுக்கொண்ட கூட்டாளி நிறுவனங்களுக்கே தருகின்றன. கேட்கிற எல்லோருக்கும் தருவதில்லை. ஆகவே ஒருவர் “உங்க லாகினைக் கொடுங்க சார், நானே கனெக்ட் பண்ணித் தர்றேன்” என்றால், எந்தக் கூட்டாளி நிறுவனத்தின் வழியாக என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், உங்கள் பாஸ்வேர்டை வைத்து ஒரு நிரல் உங்களைப் போலவே உள்ளே நுழைந்து வேலை பார்க்கப் போகிறது என்று பொருள். தளம் அதைக் கண்டுபிடித்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு; பல ஆண்டுகளாகச் சேர்த்த ரிவியூக்களும் அதோடு போகும்.

இணைப்பு சறுக்கினால் பெரியவர்களும் தாங்குவதில்லை. சோண்டர் என்ற அமெரிக்க நிறுவனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நாள் வாடகைக்கு விட்டு வந்தது. 2024இல் மேரியட்டுடன் ஒப்பந்தம் போட்டது. 2025 நவம்பரில் மேரியட் அந்த ஒப்பந்தத்தை முறித்ததும் சோண்டர் கடையைக் கட்டியது. இரு நிறுவனங்களின் கணினி அமைப்புகளைப் பொருத்துவதில் வந்த சிக்கலும் எதிர்பாராத செலவும் தன் வீழ்ச்சிக்குக் காரணங்களில் சில என்று சோண்டரே அறிவித்தது. தங்கியிருந்த விருந்தினர்கள் பாதியில் பெட்டியைக் கட்ட வேண்டி வந்தது.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உள்ளீட்டு வரி வரவு கிடையாது. நிரலுக்குள் 12 என்று நேரடியாக எழுதி வைத்திருந்தால், பில் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். வரி என்ற பெயரில் வசூலித்த தொகை எதுவானாலும் அரசுக்குக் கட்டியாக வேண்டும், தவறுதலாக வசூலித்தது உட்பட. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய உரிமையாளருக்கு, ஆன்லைன் தளம் வழியாக வரும் புக்கிங்கின் வரியைத் தளமே கட்டும். அவர் தன் நேரடி புக்கிங்கில் வரி வசூலிக்கவே கூடாது. இந்த வேறுபாடு உங்கள் மென்பொருளுக்குத் தெரியுமா? வரி விகிதத்தை நீங்களே செட்டிங்ஸில் மாற்ற முடியுமா, ஒவ்வொரு முறையும் டெவலப்பரைக் கூப்பிட வேண்டுமா? வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது விருந்தினரின் ஆதார். பல இடங்களில் நடப்பது இது: செக்-இன்னுக்கு முன் வாட்ஸ்அப்பில் தானாக ஒரு செய்தி போகிறது, ‘ஐடி அனுப்பவும்’. விருந்தினர் ஆதாரின் இரு பக்கமும் படமெடுத்து அனுப்புகிறார். நிரல் அதை எடுத்து ஒரு டிரைவ் ஃபோல்டரில் போடுகிறது. இணைப்பு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்ற நிலையிலேயே அந்த ஃபோல்டர் இருக்கிறது; ஆறு மாதம் முன்பு வேலையை விட்டுப் போன பையனின் போனிலும் அந்த இணைப்பு இருக்கிறது. எதுவும் அழிக்கப்படுவதில்லை.

இப்படித் திறந்து கிடந்ததால் வந்த கேடு உலகறிந்தது. ஸ்பெயினின் பிரெஸ்டீஜ் சாஃப்ட்வேர் நிறுவனம் ஹோட்டல்களுக்கு சேனல் மேனேஜர் வழங்குவது. அதன் கிளவுட் சேமிப்பு பூட்டப்படாமல் கிடந்தது 2020இல் வெளியே வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுக் கோப்புகள், 2013 முதல் சேர்ந்தவை. விருந்தினரின் பெயர், அடையாள எண், கிரெடிட் கார்டு விவரம் வரை அதில் இருந்தன. அந்த விருந்தினர்களில் எத்தனை பேர் பிரெஸ்டீஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அவர்கள் நம்பிக் கொடுத்தது ஹோட்டலிடம்.

நம் சட்டமும் இதைத்தான் பிடிக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவரத்தை எதற்காக வாங்குவது என்று முடிவு செய்கிறவரே பொறுப்பாளி. அவர் சார்பில் அதைக் கையாளும் மென்பொருள் நிறுவனம் தவறினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்த நிறுவனத்தோடு முறையான ஒப்பந்தமும் இருக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம், நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நான்கு அறை வைத்திருப்பவருக்கு யாரும் உச்ச அபராதம் போட மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். விருந்தினரின் பெயரில் யாரோ கடன் வாங்கினால் போலீஸ் முதலில் வரும் இடம் உங்கள் ரிசப்ஷன்தான் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

தங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முழு ஆதார் எண் கொடுக்க வேண்டியதில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டலாம். உரிமையாளர்களுக்கு, வெளிநாட்டினர் தங்கினால் மட்டும் விதி வேறு: 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு ஆன்லைனில் தகவல் போக வேண்டும். ‘அனுப்பியாச்சு’ என்று உங்கள் மென்பொருள் காட்டுவது போதாது, அரசுத் தளத்தில் ஏற்றுக்கொண்டதற்கான பதிவு வந்ததா என்று பாருங்கள்.

திருடர்கள் மென்பொருளை உடைப்பதைவிட ஊழியரை ஏமாற்றுவதையே எளிதாகக் காண்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்த மோசடி இது. புக்கிங்.காம் பெயரில் ரிசப்ஷனுக்கு ஒரு மெயில் வரும்: விருந்தினர் புகார் செய்திருக்கிறார், பதில் சொல்லுங்கள். சொடுக்கினால் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சரிபார்க்கும் பக்கம் போல ஒன்று திறக்கும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, இதை ஒட்டி, என்டர் தட்டுங்கள் என்று சொல்லும். தட்டியவுடன் பாஸ்வேர்டு திருடும் நிரல் கணினிக்குள் இறங்கிவிடும். எந்த உண்மையான சரிபார்ப்பும் இப்படித் தட்டச் சொல்வதில்லை. ரிசப்ஷனில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த ஒன்றை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். லாகின் போய்விட்டால், தளத்தின் சாட் பெட்டியிலிருந்தே உங்கள் விருந்தினருக்கு ‘மறுபடி பணம் கட்டுங்கள்’ என்று செய்தி போகும், அவர்கள் நம்பிவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 40 ஹோட்டல்களின் ஊழியர்களைப் போனில் ஏமாற்றி லாகின் வாங்கிய கும்பலுக்கு 4,109 பேருடைய விவரம் கிடைத்தது. அதை 22 நாள் தாமதமாகத் தெரிவித்ததற்காக புக்கிங்.காமுக்கு நெதர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4,75,000 யூரோ அபராதம் விதித்தது.

ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லாகின், டெவலப்பருக்குத் தனி லாகின், எல்லாவற்றுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. வேலை முடிந்த அன்றே டெவலப்பரின் லாகினை நீக்குங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஸ்மார்ட் லாக் வாங்குகிறவர்கள் 2017 ஆகஸ்டை மறக்கக் கூடாது. லாக்ஸ்டேட் நிறுவனம் ஒரு மாடல் பூட்டுக்கான அப்டேட்டை வேறு மாடலுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன; ஏர்பிஎன்பி வீடுகள் பலவும் அதில் அடக்கம். மழையில் மின்சாரமும் நெட்டும் போகும் மலையூரில், சாவித் துவாரம் இல்லாத பூட்டு வேண்டாம்.

இனி தகராறு என்று வந்தால் என்ன செய்வது? பணம் முழுவதும் நீங்கள் கொடுத்திருந்தாலும், வெளியிலிருந்து வந்த டெவலப்பர் எழுதிய நிரலின் பதிப்புரிமை, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அவருடையதுதான். மாற்றித் தரும்போதும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றே 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வீட்டைக் கட்டிய மேஸ்திரி சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விடுவோமா? டொமைன், வாட்ஸ்அப் எண், பேமென்ட் கணக்கு, கிளவுட் கணக்கு ஆகியவை உங்கள் பெயரிலும் உங்கள் மெயிலிலும் இருக்கட்டும். விலகும் நாளில் எல்லா விவரங்களையும் எக்செல் கோப்பாகத் தர வேண்டும், தன்னிடமுள்ள நகலை அழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பாக்கித் தகராறில் டெவலப்பர் உங்களை வெளியே தள்ளிப் பூட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவு உதவும்: உரிமையுள்ளவரைக் கணினிக்குள் நுழையவிடாமல் தடுப்பதற்கு இழப்பீடு உண்டு. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். நியாயமான பாக்கியை நீங்களும் நிறுத்தி வைக்கக் கூடாது. அவரும் உழைத்துச் சாப்பிடுகிறவர். மென்பொருளே சரியாக வேலை செய்யவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

அடுத்த சீசனுக்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, உங்கள் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன, யார் யாரிடம் லாகின் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதித் தர மறுக்கிற எந்த டெவலப்பருக்கும் லாகினைக் கொடுக்காதீர்கள்.