திருடன் வந்த வழி சர்வரில் இருக்கிறது!

கன்னியாகுமரி மாவட்ட எல்லையைத் தாண்டியதும், நெல்லை மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது கூடங்குளம் அணுமின் நிலையம். 2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கே ஒரே பரபரப்பு! வேவு பார்க்கும் புரோகிராம் ஒன்று அங்குள்ள கம்ப்யூட்டரில் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது.

29-ந் தேதி நிலையத்தார் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்த்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் அது புகுந்திருந்தது. முக்கியமான உள் இணைப்பு தனியே இருப்பதால் அதற்குச் சேதம் இல்லை என்றார்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்புக் குழு செப்டம்பர் 4-ந் தேதியே இதைக் கவனித்துத் தெரிவித்திருந்தது.

அணுமின் நிலையத்துக்கே இந்தக் கதி என்றால், பூக்கடைக்காரர் எம்மாத்திரம்?

பிச்சிப்பூவுக்குப் பதில் சூதாட்டம்

தோவாளைப் பூ வியாபாரி ஒருவர் இணையதளம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் திறந்து பார்க்கிறார். பிச்சிப்பூ படத்தைக் காணோம். சூதாட்ட விளம்பரம் நிற்கிறது! தளத்தில் புகுந்தவன் யார்? எந்த வழியாக வந்தான்?

பதில் 'லாக்' என்னும் பதிவேட்டில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்துப் பெயர் இது. முடிச்சுப் போட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். ஓடும் முடிச்சுகளை எண்ணி வேகத்தைக் கணிப்பார்கள். அந்தக் கணக்கை எழுதிய ஏடுதான் லாக் புத்தகம்.

எங்கே தேடுவது?

பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் 'சிபேனல்' என்ற நிர்வாகப் பக்கத்தைத் தருகின்றன. அதில் 'மெட்ரிக்ஸ்' பகுதிக்குப் போய், 'ரா ஆக்சஸ்' என்பதை அழுத்தினால் பதிவேடு கிடைக்கும். 'எர்ரர்ஸ்' என்பதில் கோளாறுகள் தெரியும்.

ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டால் பதிவேட்டில் ஒரு வரி விழும். வந்தவரின் இணைய எண், தேதி, நேரம், கேட்ட பக்கம், சர்வர் சொன்ன பதில் எல்லாம் அதில் இருக்கும். 200 என்றால் கொடுத்தாயிற்று. 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை. 403 என்றால் அனுமதி இல்லை. 500 என்றால் சர்வரிலேயே கோளாறு.

ஒரே எண்ணிலிருந்து வரிசையாக 404 வந்தால், யாரோ தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறான் என்று பொருள். லாகின் பக்கத்தையே நூறு தடவை கேட்டிருந்தால், பாஸ்வேர்டைத் தேடுகிறான். படங்கள் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புரோகிராம் கோப்பைக் கேட்டு, 200 என்று பதிலும் வந்திருந்தால், ஆள் உள்ளே வந்துவிட்டான்! அந்த எண்ணை வைத்து உடனே யாரையும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. ஏமாந்த வேறொருவரின் கம்ப்யூட்டராகவும் அது இருக்கலாம்.

நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. வரியில் +0000 என்றிருந்தால் அது கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டவேண்டும். இரவு 9 மணி என்று இருந்தால், இங்கே மறுநாள் அதிகாலை இரண்டரை!

பதற்றத்தில் பலர் முதலில் தளத்தைத் துடைத்துவிடுகிறார்கள். பதிவேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு பிறகு துடைப்பதே நல்லது. சேவை நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் 180 நாள் பதிவுகளை வைத்திருக்கவேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் அந்தப் பாதுகாப்புக் குழு உத்தரவிட்டது. ஆனால் வியாபாரியின் கணக்கில் தெரியும் பதிவேடு அத்தனை நாள் தங்காமல் போகலாம். 'ரா ஆக்சஸ்' பக்கத்திலேயே, பதிவேட்டைச் சேமித்து வைக்க ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட அரை நிமிடம் போதும்.